ஓரா மீனும் பாசியும்

மலேசிய, சிங்கப்பூர்க் கடலோரங்களில் வாழும் ஓரா மீனின் முதன்மை உணவு பாசியும் கடற்புல்லுமே. இவற்றை அது பகல் முழுதும் சிறிது சிறிதாகக் கொறித்துண்ணும். நீண்ட குடலும் அவ்வுணவுக்கென்றே அமைந்தது.

வீட்டுத் தொட்டியில் நிகழ்வது யாது? கண்ணாடி பளிச்சிட வேண்டுமென்று பாசியைச் சுரண்டிவிட்டு, மீனுக்கு இறால் துணுக்குகளை மட்டும் இடுகின்றனர். நாளடைவில் வயிறு ஒட்டி மீன் மெலிகிறது.

உப்பும் மசாலையும் சேராத உலர்ந்த கடற்பாசித் தாளைத் தொட்டிக்குள் கவ்வியில் மாட்டி வைத்தால், அது வேண்டும்போதெல்லாம் கடித்துண்ணும். மிகுதியாக உண்பதால் கழிவும் மிகும்; ஆகவே உவர்நீரை அவ்வப்போது மாற்றுதல் வேண்டும். முதுகுத் துடுப்பிலுள்ள 13 முட்களும் நஞ்சுடையவை; தொட்டிக்குள் கைவிடுவோர் விழிப்பாயிருத்தல் நன்று.

தூய கண்ணாடி காண்பவர்க்கு இன்பம். பாசியே மீனுக்கு உயிர்.