சம்பளத்தோட இன்சூரன்ஸ் ஏஜென்சியும் எடுக்கலாமா? கையெழுத்துக்கு முன்னாடி பார்க்க வேண்டிய கணக்கு



சங்கரன்கோவில்ல எங்க ஆபீஸுக்கு வர்ற இளைஞர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "சார், சைடு இன்கமுக்கு ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்சி எடுக்கலாம்னு இருக்கேன். பரீட்சை ஈஸியாமே?"

பரீட்சை ஈஸிதான். தமிழ்லயே எழுதலாம். ஆனா லைசென்ஸ் விதிகள் மாறினதுல உள்ளே நுழையற கதவு அகலமாயிடுச்சு, உள்ளே போனவரோட பொறுப்பு கூடிடுச்சு. இந்த ரெண்டாவது பாதியை உங்களைச் சேர்க்க வர்ற டெவலப்மென்ட் ஆபீஸர் பெரும்பாலும் சொல்ல மாட்டார். அதை இங்கே பார்ப்போம்.

லைசென்ஸ் யார் கொடுக்கிறாங்க?

2000-ம் ஆண்டு விதிகள்படி ஏஜென்ட்டுக்கு 100 மணி நேரப் பயிற்சி, மூணு வருஷ லைசென்ஸ், அதைப் புதுப்பிக்க மறுபடி பயிற்சி. லைசென்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ பெயரில் வரும்.

2015-ல் இன்சூரன்ஸ் சட்டத் திருத்தம் வந்தது. அதற்குப் பிறகு ஏஜென்ட்டை நியமிப்பது இன்சூரன்ஸ் கம்பெனியே. பத்தாம் வகுப்பு போதும். பயிற்சி முடித்து, தேர்வில் பாஸ் ஆனால் நியமனக் கடிதமும் அடையாள அட்டையும் கம்பெனியிடமிருந்து வரும். பழைய மூணு வருஷப் புதுப்பித்தல் கிடையாது.

ஒரு எல்லை உண்டு. ஆயுள் காப்பீட்டுக்கு ஒரு கம்பெனி, பொதுக் காப்பீட்டுக்கு ஒன்று, மருத்துவக் காப்பீட்டுக்கு ஒன்று, அவ்வளவுதான். ஒரே ஆள் ரெண்டு ஆயுள் காப்பீட்டு கம்பெனிக்கு ஏஜென்ட்டாக இருக்க முடியாது. "இதையும் போட்டு வைங்க, யாருக்கும் தெரியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. ஏஜென்ட்களின் மையப் பட்டியல் இருக்கிறது, அதில் உங்கள் பான் எண் இருக்கும்.

இன்னொரு வழி பிஓஎஸ்பி. 15 மணி நேரப் பயிற்சி போதும், ஆனா எளிமையான பாலிசிகளை மட்டும்தான் விற்கலாம்.

சமீபத்துல என்ன மாறியிருக்கு?

- 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு பாலிசி வகைக்கும் இருந்த தனித்தனி கமிஷன் உச்சவரம்பு இல்லை. மொத்தச் செலவு வரம்புக்குள் கம்பெனியின் போர்டே முடிவு செய்யும். அதனால பழைய ஏஜென்ட் சொல்ற சதவீதம் உங்களுக்கும் கிடைக்கும்னு எடுத்துக்காதீங்க.
- 2024 முதல், பாலிசி பிடிக்கலைன்னா வாடிக்கையாளர் திருப்பித் தர 30 நாள் அவகாசம்.
- 2024 அக்டோபர் 1 முதல், சேமிப்பு வகை ஆயுள் பாலிசியில் ஒரு வருஷ பிரீமியம் முழுசா கட்டினாலே சரண்டர் மதிப்பு உண்டு. இதுக்கு அப்புறம் எல்ஐசி உட்பட சில கம்பெனிகள் கமிஷன் அமைப்பை மாற்றின.
- 2025 டிசம்பரில் பாராளுமன்றம் மறுபடி இன்சூரன்ஸ் சட்டங்களைத் திருத்தியது. அந்நிய முதலீடு 100 சதவீதம் வரை, புரோக்கர் போன்ற இடைநிலையாளர்களுக்கு ஒரே முறைப் பதிவு. ஆனா ஏஜென்ட்டுக்கு இருக்கும் "ஒரு பிரிவுக்கு ஒரு கம்பெனி" எல்லை அப்படியேதான் இருக்கு.

மொத்தத்துல பாலிசியை விட்டு வெளியேறுவது வாடிக்கையாளருக்குச் சுலபமாகிறது. தலையில் கட்டிவிட்டு வரும் வருமானம் இனி நிலைக்காது.

வேலை பார்க்கிற இடம் சம்மதிக்குமா?

தனியார் வேலைன்னா ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிங்க. "வேறு எந்தத் தொழிலிலும் ஈடுபடக் கூடாது"ன்னு ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். இருந்தால் ஹெச்ஆரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்க.

அரசு வேலைன்னா இன்னும் கவனம். "வீட்டுக்காரி பேர்ல எடுத்துக்கலாம்"னு நம்ம ஊர்ல சர்வ சாதாரணமா சொல்வாங்க. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் (1964), குடும்பத்தினர் நடத்தும் இன்சூரன்ஸ் ஏஜென்சிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதும் தடைதான். மனைவி உண்மையிலேயே தானே தொழில் செய்தால் அது வேறு விஷயம். பேர் அவங்களுது, வேலை உங்களுதுன்னா மாட்டப் போவது நீங்க. மாநில அரசு ஊழியர்களுக்கும் தனி நடத்தை விதிகள் இருக்கு.

இப்போ வரிக் கணக்கு

ஒரு உதாரணம். 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. உங்கள் சம்பளம் ரூ.12,50,000. நிலையான கழிவு ரூ.75,000 போனால் ரூ.11,75,000. 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரி பூஜ்யம்.

இதோட ஏஜென்சி கமிஷன் ரூ.60,000 வருது, செலவு எதுவும் காட்டலைன்னு வைங்க. மொத்தம் ரூ.12,35,000. ஸ்லாப்படி வரி ரூ.65,250. மார்ஜினல் ரிலீஃப் இருப்பதால் 12 லட்சத்துக்கு மேல் போன ரூ.35,000-க்கு மிகாமல் நிற்கும். 4 சதவீத செஸ் சேர்த்து ரூ.36,400.

அறுபதாயிரம் சம்பாதிச்சு முப்பத்தாறாயிரம் வரி! கம்பெனி பிடித்த டிடிஎஸ் 2 சதவீதம், அதாவது ரூ.1,200 மட்டும். மீதி ரூ.35,200 நீங்கதான் கட்டணும். பாக்கி ரூ.10,000-ஐத் தாண்டுவதால் முன்கூட்டிய வரி கட்டாவிட்டால் வட்டியும் வரும்.

எல்லாருக்கும் இவ்வளவு ஆகாது. சம்பளம் 8 லட்சம் என்றால் இந்தக் கமிஷனுக்கு வரியே வராது. 12 லட்சம் எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்தான் முதலில் கணக்குப் போடணும்.

இன்னும் மூணு விஷயம்:

1. கமிஷன் தொழில் வருமானம். ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-3 போடணும். கமிஷன் வருமானத்துக்கு 44ஏடி அனுமான வரித் திட்டமும் பொருந்தாது.
2. பெட்ரோல், போன் மாதிரி தொழிலுக்கான செலவைக் கழிக்கலாம். ஆனா பில் வேணும்.
3. சம்பளக்காரர் பழைய முறையா புதிய முறையான்னு வருஷா வருஷம் மாற்றிக்கலாம். தொழில் வருமானம் வந்துட்டா அந்தச் சுதந்திரம் போயிடும். பழைய முறைக்குப் போனால், புதியதுக்குத் திரும்ப ஒரே ஒரு வாய்ப்புதான்.

"முதல் பிரீமியம் நான் கட்டுறேன் அத்தை"

புது ஏஜென்ட்டின் முதல் பத்து பாலிசியும் சொந்தக்காரங்ககிட்டதான் போகும். டார்கெட்டுக்காக முதல் தவணையைத் தானே கட்டுவதும், கமிஷனில் பாதியைக் கையில் கொடுப்பதும் பாசம் மாதிரித் தெரியும். சட்டம் அதை ரிபேட் என்கிறது. இன்சூரன்ஸ் சட்டம் 1938, பிரிவு 41 அதைத் தடை செய்கிறது. முன்பு அபராதம் வெறும் 500 ரூபாய். 2015 திருத்தம் அதைப் 10 லட்சம் ரூபாய் வரை ஆக்கியது.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு. விசைத்தறி ஓட்டுற சித்தப்பாவுக்கு வேண்டியது டேர்ம் பாலிசி. கமிஷனுக்காக நீங்க 20 வருஷ எண்டோமென்ட் போட்டுக் கொடுத்தீங்கன்னா, மூணாவது வருஷம் அவரால் கட்ட முடியாமல் நிற்கும்போது ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அந்தப் பேச்சு வரும். வேலை மாறலாம், ஏஜென்சியை விடலாம், சித்தப்பாவை மாற்ற முடியாது.

கையெழுத்துக்கு முன் செக்லிஸ்ட்

- ஹெச்ஆர் அனுமதி எழுத்தில் இருக்கா?
- கமிஷன் அட்டவணை, பாலிசி நின்று போனால் கமிஷன் திரும்பப் பிடிக்கப்படுமா, ரெண்டையும் எழுத்தில் வாங்கினீங்களா?
- விலகினால் விலகல் சான்றிதழ் எப்படி வாங்குவது, புதுப்பிப்பு கமிஷன் தொடருமா என்று கேட்டீங்களா?
- சம்பளம் + கமிஷன் சேர்த்து வரி போட்டுப் பார்த்தீங்களா?
- கமிஷன் வர தனி வங்கிக் கணக்கு திறந்தீங்களா?

அஞ்சுக்கும் "ஆமா"ன்னா தைரியமா எடுங்க. நல்ல ஏஜென்ட் நம்ம ஊருக்கு நிச்சயம் தேவை. ஒண்ணுக்கு "இல்லை"ன்னாலும் ஒரு மாசம் தள்ளிப் போடுங்க. தேர்வு எங்கேயும் ஓடிப் போயிடாது.

ஐடிஆர்-3-ல கமிஷனை எந்த இடத்தில் காட்டணும்னு அடுத்த வீடியோவில் ஸ்க்ரீனோட பார்ப்போம்.