"விஷமில்லாத பாம்புதானே!"

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிற்குத் தீபாவளிச் சாமான் வாங்கச் சென்றுவந்த தோட்டத்து மக்களில் மூத்தோருக்கு, அங்கே நடைபாதையில் கூட்டம் சேர்த்து மருந்து விற்றவர்கள் நினைவிலிருப்பார்கள். பெட்டியிலிருந்து பாம்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பேச்சை வளர்த்து, முடிவில் தைலப் புட்டியை நீட்டுவார்கள். கையில் அடங்கிக் கிடக்கும் பாம்பு தீங்கற்றது என்னும் எண்ணம் நம்மில் பலருக்கு அப்படித்தான் ஏற்பட்டது.

இன்று அந்த எண்ணம் வேறு வழியில் லயத்து வீட்டிற்குள்ளேயே வந்துவிட்டது. இளைஞர் சிலர் கைத்தொலைபேசி மூலம் விலைபேசிப் பாம்பு வாங்கி, கண்ணாடித் தொட்டியில் வளர்க்கின்றனர். "விஷமில்லை, கடித்தாலும் எறும்பு கடித்ததுபோல்தான்" என்று விற்பவர் சொல்கிறார். அந்தச் சொல் பல பாம்புகளுக்குப் பொருந்தும். பொருந்தாத பாம்புகளும் உள்ளன என்பதால்தான் இதனை எழுத வேண்டியதாயிற்று.

நாகம், கட்டுவிரியன் போன்றவற்றிற்கு நச்சுப் பல் வாயின் முன்புறம் இருக்கிறது. ஊசி போட்டதுபோல் நஞ்சு உடனே உள்ளே இறங்கிவிடும். வேறு சில பாம்புகளுக்கு அந்தப் பல் மேல்தாடையின் பின்கோடியில் உள்ளது. பல்லில் துளை இராது. பெரும்பாலானவற்றில் ஒரு பள்ளம் மட்டுமே ஓடும். மரப்பட்டையில் நாம் சீவிய வெட்டுவழியே பால் வழிந்து மங்கில் விழுகிறதல்லவா? அவ்வாறே நஞ்சும் அப்பல்லின் வழியே மெதுவாகக் கசிந்து புண்ணில் சேர்கிறது. அதற்குப் பாம்பு சற்று நேரம் மென்றுகொண்டிருக்க வேண்டும். கவ்விய பாம்பை உடனே விடுவித்தால் தீங்கு குறைவதும், "கடிக்கட்டும், பார்ப்போம்" என்று விட்டு வேடிக்கை பார்த்தால் மிகுவதும் இதனால்தான்.

கண்ணைக் கொத்தும் என்று நம் பாட்டிமார் அஞ்சிய பச்சைப்பாம்பு இவ்வகையைச் சேர்ந்தது. கிளாங் கரையோரச் சதுப்புக் காடுகளில் வாழும் பூனைப்பாம்பும், அதாவது மலாய்க்காரர் 'ஊலார் பக்காவ்' என்றழைக்கும் கருப்பும் மஞ்சளுமான அழகிய பாம்பும், இவ்வகையே. அதன் நஞ்சிலுள்ள ஒரு பொருள் பறவைகளையே மிகுதியாகத் தாக்க வல்லது என்று 2006-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இத்தகைய பாம்பு கடித்தால் வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் சிறிது இரத்தக் கசிவு, அரிப்பு, வலி, வீக்கம் ஆகியவையே தோன்றும். சில நாளில் தணிந்துவிடும். குழந்தைகளின் நிலை வேறு. பூனைப்பாம்பின் உறவான ஒரு பாம்பு, இரண்டாம் உலகப் போருக்குப்பின் பசிபிக்கிலுள்ள குவாம் தீவில் புகுந்து பெருகியது. அங்கே தூக்கத்தில் கடிபட்ட கைக்குழந்தைகள் சில மூச்சுத் திணறும் அளவிற்குத் துன்புற்றன.

பூனைப்பாம்பில் மற்றோர் ஆபத்தும் உண்டு. அதே கருப்பும் மஞ்சளும் கொண்ட கட்டுவிரியன் நம் நாட்டில் இருக்கிறது. அதற்குப் பட்டைகள் அகலமாகவும் ஏறக்குறைய ஒரே அளவாகவும் இருக்கும். முதுகு கூரைபோல் மேடிட்டிருக்கும். வால் மொண்ணையாக முடியும். பூனைப்பாம்பின் மஞ்சள் கோடுகள் மெல்லியவை. ஆனால் விடிவதற்கு முன் தலைவிளக்கு வெளிச்சத்தில் நிரைக்குள் நுழைபவர் இதையெல்லாம் அளந்து பார்க்க முடியுமா? கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலிகூடத் தெரியாமல் போவதுண்டு. பிறகு இமை சரியும், நாக்குக் குழறும், மூச்சு நிற்கும்.

பின்பல் பாம்புகளுள் உயிரைக் கொல்ல வல்லவையும் சில இருக்கின்றன. அமெரிக்காவில் சிகாகோ அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பாம்பியல் அறிஞர் கார்ல் ஷ்மிட், 1957 செப்டம்பரில் ஆப்பிரிக்க மரப்பாம்புக் குட்டி ஒன்றைக் கையில் எடுத்தபோது கட்டைவிரலில் கடிபட்டார். சிறு பாம்புதானே என்று சிகிச்சைக்குச் செல்லாமல், தம் உடலில் தோன்றிய மாற்றங்களைக் குறித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை தேறிவிட்டதாகவே எண்ணினார். அன்று பிற்பகல் இறந்துபோனார். ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் மெர்டென்ஸ் 1975-இல் தாம் வளர்த்த கொடிப்பாம்பு கடித்து உயிரிழந்தார். பாம்பையே தொழிலாகக் கற்றவர்களுக்கு இக்கதி.

ஆப்பிரிக்கப் பாம்பு இங்கே எதற்கு என்று கேட்கலாம். செங்கழுத்துப் பாம்பு என்று சொல்லத்தக்க ஒன்று தீபகற்ப மலேசியாவிலேயே உண்டு. ஒல்லியான உடல், பசுமை கலந்த பழுப்பு நிறம், கழுத்தில் மஞ்சளும் சிவப்பும். தவளை பிடித்துத் தின்னும் தண்ணீர்ப்பாம்பு இனம். பார்வைக்கு அழகாக இருப்பதால், விஷமற்றது என்று கருதி வெளிநாடுகளில் வளர்ப்புப் பாம்பாக விற்றார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதனிடம் கடிபட்டவர்களுக்கு இரத்தம் உறையாமற்போன நிகழ்ச்சிகளை 1978-லும் 1984-லும் மருத்துவ ஏடுகள் வெளியிட்டன. ஜப்பானில் அதே இனத்தைச் சேர்ந்த பாம்பொன்றும் நெடுங்காலம் தீங்கற்றதாகவே கருதப்பட்டது; 1984-இல் அது கடித்து ஒரு மாணவன் இறந்தான்.

இரத்தம் உறையாமற்போவது எப்படி? பால் காய்ச்சுபவர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். தொட்டியிலே ஆசிட் ஊற்றும் முன்பே பால் அங்கங்கே சிறுசிறு கட்டியாகத் திரிந்துபோனால், தகடு போடுவதற்கு நல்ல பால் எஞ்சாது. இந்த நஞ்சும் இரத்தத்தில் இருக்கும் உறைபொருளை வேண்டாத இடத்தில் வேண்டாத நேரத்தில் உறையச் செய்து தீர்த்துவிடுகிறது. பின்னர் உண்மையான காயத்தை அடைக்க ஒன்றுமிராது. ஈறில் இரத்தம் கசியும், சிறுநீர் சிவக்கும், பால்கத்தி பட்டு ஆறிவந்த பழைய கீறல்கூட மீண்டும் கசியத் தொடங்கும். தலைவலி கடுமையானால் மூளைக்குள் இரத்தக் கசிவோ என்று மருத்துவர் ஐயுறுவார். இவையெல்லாம் பல மணி நேரம் கழித்தே வெளிப்படலாம். காலையில் கடிபட்டவர், ஒன்றுமில்லை என்று மாலையில் பந்தாடப் போவதும், இரவில் மயங்கி விழுவதும் நடக்கக்கூடியதே.

ஆகவே எந்தப் பாம்பு கடித்தாலும், வளர்த்த பாம்பாயினும், மருத்துவமனைக்குச் சென்று ஒருநாள் கண்காணிப்பில் இருப்பது நலம். மோதிரம், வளையல் இவற்றை வீங்குமுன் கழற்றிவிடுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 999-க்கு அழையுங்கள், அல்லது வாகனத்தில் கொண்டுசெல்லுங்கள். கயிறு கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பாம்புக்கல் வைப்பது எதுவும் வேண்டாம். இரத்தம் உறையாத நிலையில் கத்திக் கீறல் ஒன்றே போதும், ஆளை அடித்துவிடும். வலிக்கென்று ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது. அது இரத்தக் கசிவை மிகுவிக்கும். பாம்பை அடிக்கப்போய் இன்னொருவர் கடிபடவும் வேண்டாம். எட்ட நின்று ஒரு படம் எடுத்தால் போதும்.

மருத்துவமனையில் செய்யும் முதற்சோதனை மிக எளியது. சிறிதளவு இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருக்கிறதா, நீராகவே இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கம் தயாரிக்கும் நச்சுமுறிகள் நம் மருத்துவமனைகளில் பயன்படுகின்றன. ஆனால் ஒரு பாம்பின் முறி எல்லாப் பாம்புக்கும் பயன்படாது. செங்கழுத்துப் பாம்புக்கு அவற்றில் மருந்தில்லை. அதன் இனத்திற்கான முறி ஜப்பானில் தயாரானது. கடித்தது எது என்பது ஐயமாயின், மலேசிய நச்சியல் சங்க நிபுணர்களிடம் மருத்துவர்கள் ஆலோசனை கேட்கும் ஏற்பாடு உண்டு. நீங்கள் எடுத்த படம் அப்போதுதான் உதவும்.

இங்கே ஒரு தயக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பாதுகாக்கப்பட்ட வனவிலங்கை உரிமமின்றி வைத்திருப்பது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்கு அஞ்சி, "காட்டில் ஏதோ கடித்தது" என்று மருத்துவரிடம் மழுப்பிவிடுகின்ற பிள்ளைகள் இருக்கக்கூடும். பெற்றோர் அவர்களை முதலிலேயே அழைத்துப் பேசி, தொட்டியில் இருப்பது எந்தப் பாம்பு, யாரிடம் வாங்கியது, எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். உரிமம் பற்றிய ஐயங்களைப் பெர்ஹிலித்தான் இலாகா அலுவலகத்தில் கேட்டறியலாம். வளர்க்க மனமில்லாத பாம்பைக் கால்வாயோரம் விட்டுவிடாமல், அதே இலாகாவிடம் ஒப்படைக்கலாம்.