சும்மா இருக்கும்போது எத்தனை வாட்?

மேல்விஷாரத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் தோல் வியாபாரக் கணக்கை டாலியில் போடுகிறார். மகள் அப்துல் ஹக்கீம் பொறியியல் கல்லூரியில் படிக்கிறாள். மேசைக்கடியில் பழைய டவர் சி.பி.யு. காலையில் போட்டால் இரவில்தான் அணைப்பார்கள்.

அவ்வளவு நேரமும் அதற்கு வேலை இருக்கிறதா? நாம் ஒரு எழுத்தைத் தட்டி, அடுத்ததைத் தட்டக் கால் நொடி ஆகிறது என்றால், ஒரு கிகாஹெர்ட்ஸ் சிப் அதற்குள் 25 கோடி முறை துடித்துவிடும். பெரும்பாலான நேரம் அது நமக்காகக் காத்துத்தான் கிடக்கிறது. ஆகவே கம்ப்யூட்டர் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, சும்மா இருக்கையில் எத்தனை வாட் இழுக்கும் என்பதே.

பழைய டவர் சும்மா இருந்தாலே 60 வாட் வரை இழுக்கும். இன்டெல் என்100 சிப் வைத்த கையகலப் பெட்டிக்கு ஏறக்குறைய 10 வாட். ராஸ்பெர்ரி பை 4 என்னும் குட்டிக் கம்ப்யூட்டருக்கு மூன்று, நான்கு வாட் போதும். தினம் 8 மணி நேரம் என்று வைத்தால், இரண்டு மாதத்தில் டவருக்கு 29 யூனிட், சின்னப் பெட்டிக்கு 5 யூனிட். நம் மின்கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் கட்டணமும் சேர்ந்து ஏறும். விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு 24 யூனிட் பெரிய விஷயம். இழுக்கும் வாட் அத்தனையும் கடைசியில் சூடாக அறைக்குள்தான் இறங்குகிறது. வேலூர்ப் பக்கத்து மே மாதத்தில் அதையும் யோசிக்க வேண்டும்.

சின்னதற்கு ஏன் குறைவாகப் போதுகிறது? சிப்புக்குள் இருக்கும் கோடிக்கணக்கான சுவிட்சுகள் ஒவ்வொரு முறை மாறும்போதும் துளி மின்சாரம் செலவாகிறது. அந்தச் செலவு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜைப் பாதியாக்கினால் செலவு கால்வாசி. வேகத்தையும் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்கு.

இதில் என்னை விடாமல் வியக்க வைப்பது 1985 ஏப்ரல் 26-இல் நடந்தது. கேம்பிரிட்ஜில் ஏகார்ன் நிறுவனத்தின் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சிப் வந்து சேர்ந்தது. விலை மலிவான பிளாஸ்டிக் உறையில் அடைக்க, ஒரு வாட்டுக்குள் அது அடங்க வேண்டும். பலகையில் பொருத்தினார்கள், ஓடியது. எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தால் மீட்டர் பூஜ்யம் காட்டியது. பலகையில் சிப்புக்குப் போக வேண்டிய மின் இணைப்பே விட்டுப்போயிருந்தது! சுற்றியிருந்த சர்க்யூட்டுகளிலிருந்து சிக்னல் கம்பிகள் வழியே கசிந்த மின்சாரத்திலேயே அது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நம் செல்போனும் ராஸ்பெர்ரி பையும் அந்த வம்சம்.

ஆனால் டாலி, இன்டெல் வகைச் சிப்பில் ஓடும் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. பையில் நேரடியாக ஓடாது. பைத்தான் பழக, தமிழில் தட்டச்சு செய்ய, மகளுக்குப் பை தாராளம். கணக்குக்கு என்100 பெட்டிதான் சரி. அரசு கொடுத்த லேப்டாப் அலமாரியில் கிடந்தால் அதை முதலில் எடுத்துப் பாருங்கள். லேப்டாப் பேட்டரிக்காகவே சிக்கனமாகச் செய்யப்பட்டது. பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும். மானிட்டரையும் மறக்காதீர்கள், சின்னப் பெட்டியைவிட அதுதான் அதிகம் இழுக்கும்.

உங்கள் டவர் எவ்வளவு இழுக்கிறது என்று வீட்டு ஈ.பி. மீட்டரே சொல்லும். அதில் ஒரு யூனிட்டுக்கு விளக்கு எத்தனை முறை மின்னும் என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று இருந்தால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சிவப்பு விளக்கைப் பாருங்கள். 19 நொடிக்கு ஒருமுறை மின்னினால் 60 வாட். 10 வாட் பெட்டியென்றால் அடுத்த மின்னலுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும்.