தொகுத்து முடித்த படம் வெளிவர மறுப்பது ஏன்?

1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களில் கல்வி, வேளாண்மை, சுகாதாரம் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் செயற்கைக்கோள் வழியாகக் காட்டப்பட்டன. அமெரிக்க நாட்டின் ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோளின் துணைகொண்டு இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய அப்பரிசோதனைக்கு வேண்டிய படங்களைத் தயாரிக்கத் தனி நிலையங்களும், பயிற்சி பெற்ற பொறியாளர்களும் தேவைப்பட்டனர். இன்றோ, சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியைக் கொண்டே ஒரு பாடத்தைப் படம் பிடித்து விடுகிறார். வேளாண் விரிவாக்க அலுவலர் வயல் வரப்பில் நின்றவாறே நோய் கண்ட பயிரைப் படமாக்கி, மாலையில் கணிப்பொறியில் அமர்ந்து தொகுத்தும் முடிக்கிறார்.

ஆனால், தொகுப்பு முடிந்த பின்னர் நேரும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. 'எக்ஸ்போர்ட்' என வழங்கும் இறுதி வெளியீட்டுக்கான பொத்தானை அழுத்தியதும், நூற்றுக்கு எழுபது வரை ஏறிய எண் அப்படியே நின்று விடுகிறது. அல்லது, பொருள் விளங்காத பிழைச் செய்தி ஒன்று திரையில் தோன்றுகிறது. இதனால் விளையும் இழப்பைச் சிறிதென்று கருதலாகாது. 2018-ஆம் ஆண்டில் கருநாடகத்தில் முதன்முதலாகக் காணப்பட்டு, பிற மாநிலங்களுக்கும் பரவிய மக்காச்சோளப் படைப்புழுவை எடுத்துக்கொள்ளலாம். அதன் முட்டைகள் வெப்பமான பருவத்தில் இரண்டு மூன்று நாட்களில் பொரிந்து விடும். இளம் புழுக்களைக் கட்டுப்படுத்துவது எளிது. அவை வளர்ந்து குருத்துக்குள் புகுந்த பின்னரோ மருந்து எட்டுவது அரிது. ஆகவே, முட்டைக் குவியலை அடையாளம் காட்டும் படம் ஒரு வாரம் பிந்தி வெளிவருமாயின், அது வெளிவந்தும் பயனில்லை.

வெளியீட்டில் நடைபெறுவது யாது?

தொகுத்த படம் கணிப்பொறியில் ஏற்கெனவே முழுமையாக இருக்கிறது என்றும், வெளியீடு என்பது அதற்குப் படியெடுப்பதே என்றும் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. தொகுப்பு மென்பொருளின் 'டைம்லைன்' என்னும் பகுதியில் இருப்பவை குறிப்புகளே. 'இந்தக் கோப்பின் பன்னிரண்டாவது விநாடி முதல் இருபதாவது விநாடி வரை எடு. அதன் மேல் இவ்வெழுத்துக்களைப் பொறி. அடுத்த காட்சியுடன் மெல்லக் கலந்துவிடு' என்பன போன்ற கட்டளைகள் அவை. திருத்தக் குறிகள் நிறைந்த கையெழுத்துப் பிரதி அச்சகத்துக்குச் சென்றால், அச்சுக் கோப்பவர் ஒவ்வோர் எழுத்தாகக் கோத்த பின்னரே புத்தகம் உருவாகிறது. வெளியீட்டின்போதும் கணிப்பொறி அவ்வாறே ஒவ்வொரு பிரேமாகப் புதிதாக வரைந்து, சுருக்கி, எழுதுகிறது. தொகுக்கும்போது திரையில் தடையின்றி ஓடிய படம், வெளியீட்டின்போது நிற்பதற்குக் காரணம் இதுவே. முன்னோட்டத்தில் கணிப்பொறி சில பிரேம்களை விட்டுவிட்டு ஓடலாம். வெளியீட்டில் ஒன்றையேனும் விடுவதற்கில்லை.

இப்பணியின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். 1920 பிக்ஸல் அகலமும் 1080 பிக்ஸல் உயரமும் கொண்ட ஒரு பிரேமில் 20,73,600 பிக்ஸல்கள் உள்ளன. பிக்ஸலுக்கு 3 பைட் வீதம், விநாடிக்கு 25 பிரேம்கள் எனக் கொண்டால், ஒரு விநாடிக்கு 15,55,20,000 பைட்டுகள் ஆகின்றன. பத்து நிமிடப் படத்துக்கு இது ஏறத்தாழ 93 ஜிகாபைட். அதே படம் விநாடிக்கு 8 மெகாபிட் என்னும் அளவில் சுருக்கப்பட்டால், 600 மெகாபைட்டில் அடங்கி விடுகிறது. அதாவது, நூற்றைம்பது மூட்டைக்கு மேற்பட்ட சரக்கை ஒரே மூட்டையில் கட்டுவதற்கு ஒப்பாகும்.

இவ்வளவு சுருக்கத்துக்கு வழி வகுத்த கணித முறையை அளித்தவர்களில் முதல்வர், பெங்களூரில் பிறந்த நசீர் அகமது ஆவார். 1972-ஆம் ஆண்டில் இம்முறையை ஆராய அவர் அமெரிக்க தேசிய விஞ்ஞான நிறுவனத்திடம் பொருளுதவி கோரினார், அது மறுக்கப்பட்டது. கருத்து மிக எளிதாக உள்ளதென்று மதிப்பீட்டாளர் ஒருவர் குறை கூறியதாக அவரே பின்னர் எழுதியுள்ளார். எனினும், தம் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் ஆய்வைத் தொடர்ந்து, 1974 ஜனவரியில் முடிவுகளை வெளியிட்டார். 2003-இல் வகுக்கப்பட்டு இன்று மிகப் பரவலாக வழங்கும் எச்.264 என்னும் சுருக்க முறையின் அடிப்படையிலும் அக்கணித முறையின் சாயலைக் காணலாம்.

எச்.264 முறையில் எல்லாப் பிரேம்களும் முழுமையாக எழுதப்படுவதில்லை. இடையிடையே சில மட்டும் முழுமையாகவும், ஏனையவை அருகிலுள்ளவற்றிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன என்பது மட்டுமாகவும் எழுதப்படுகின்றன. ஆதலின், மூலக்கோப்பில் ஓரிடம் பழுதடைந்தால் அதனைச் சார்ந்த பிரேம்கள் யாவும் கெடும். மென்பொருள் அவ்விடத்தை எட்டியதும் திகைத்து நின்று விடும்.

நின்ற இடமே முதற் சான்று

வெளியீடு தடைப்பட்டவுடன் பலர் மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவ முற்படுகின்றனர். இது பெரும்பாலும் வீண் வேலை. முதலில் செய்யத்தக்கது, எந்த இடத்தில் நின்றது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, எதனையும் மாற்றாமல் மறுமுறை வெளியிட்டுப் பார்ப்பதே. இரண்டு முறையும் ஒரே இடத்தில் நிற்குமாயின், குறை படத்தின் பொருளில் அல்லது அது எழுதப்படும் சேமிப்புக் கருவியில் உள்ளது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்குமாயின், குறை இயந்திரத்தைச் சார்ந்ததாக இருத்தல் கூடும்.

ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரிந்தால், இருகூறாக்கும் முறையைக் கையாளலாம். படம் 12 நிமிடம், அதாவது 720 விநாடி நீளமுடையது எனக் கொள்க. முதற் பாதியை மட்டும் வெளியிட்டுப் பார்க்க வேண்டும். அது குறையின்றி வந்தால் பழுது பிற்பாதியில் இருக்கும். பழுதுள்ள பாதியை மீண்டும் இரண்டாகப் பிரித்தால் 180 விநாடி, பின்னர் 90, பின்னர் 45. இவ்வாறு ஐந்தே முறையில் பழுது இருபத்து மூன்று விநாடிக்குட்பட்ட பகுதியில் சிக்கி விடும். அங்கே இருப்பவை ஒரு காட்சி, ஓர் எழுத்துப் பலகை, ஒரு கலப்பு விளைவு என்ற அளவில்தான் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். பழுதான காட்சியை வேறு மென்பொருளால் புதிய கோப்பாக மாற்றி, பழையதன் இடத்தில் வைப்பது போதுமானது.

இம்முறையில் விந்தையான ஒரு முடிவும் சில வேளைகளில் கிடைக்கும். இரண்டு பாதிகளும் தனித்தனியே நன்றாக வெளிவரும். முழுப் படம் மட்டும் வராது. அவ்வாறாயின் எந்தக் காட்சியிலும் குறையில்லை என்பது பெறப்படும். குறை நீளத்தில் உள்ளது. எனவே இடம் போதுமா என்று பார்த்தல் வேண்டும்.

இடம் இருந்தும் இடமின்மை

பள்ளிகளிலும் கள அலுவலகங்களிலும் புழங்கும் பென் டிரைவுகள் பல, ஃபாட்32 என்னும் பழைய அமைப்பில் உள்ளவை. இவ்வமைப்பில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிகாபைட்டை எட்ட முடியாது. 42,94,967,295 பைட்டுகளே அதன் உச்ச எல்லை. கருவியில் 20 ஜிகாபைட் காலியாக இருந்தாலும், கோப்பு இவ்வெல்லையைத் தொட்டவுடன் எழுதுதல் நின்று விடும். விநாடிக்கு 50 மெகாபிட் அளவில் வெளியிடப்படும் படம் எதுவாயினும், இத்தகைய கருவியில் ஏறத்தாழ பதினொன்றரை நிமிடத்தில் நிற்பதைக் காணலாம். 'இடமில்லை' என்னும் செய்தி தோன்ற, இடமோ கண்ணெதிரே இருக்க, அலுவலர் மயங்குவது இயல்பே. கணிப்பொறியின் உள் வட்டில் முதலில் வெளியிட்டு, பின்னர் படியெடுப்பதே ஒழுங்கு. கோப்பு உண்மையிலேயே பெரிதாயின், பென் டிரைவை எக்ஸ்ஃபாட் அமைப்புக்கு மாற்ற வேண்டும். அவ்வாறு மாற்றுகையில் அதிலுள்ளவை யாவும் அழிந்து விடுமாதலால், முன்னதாக அவற்றுக்குப் படியெடுத்தல் அவசியம்.

உள் வட்டிலும் இடம் குறைவது உண்டு. தொகுப்பு மென்பொருள்கள் தற்காலிகக் கோப்புகளைக் குவித்து வைப்பது வழக்கம். மாதக் கணக்கில் நீக்கப்படாத இக்குவியல் பல ஜிகாபைட்டை விழுங்கி விடும். இதனை மென்பொருளின் அமைப்புப் பக்கத்திலிருந்தே நீக்கலாம். படத்துக்குத் தீங்கு நேராது. ஆனால், இடம் வேண்டுமென்று மூலக் காட்சிக் கோப்புகளை அழிப்பது மட்டும் கூடவே கூடாது. டைம்லைனில் இருப்பவை குறிப்புகளே என்று மேலே கூறப்பட்டது. குறிப்புச் சுட்டும் கோப்பு மறைந்தால், தொகுப்பு வெறும் எலும்புக்கூடாகி விடும். அறுவடையான வயலையோ, பூத்து உதிர்ந்த பயிரையோ மீண்டும் படமெடுக்க அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

காட்சிகளைக் கைப்பேசியிலோ பென் டிரைவிலோ வைத்தவாறே தொகுத்து, பின்னர் அதனைப் பிடுங்கி விடுவதாலும் இந்நிலை ஏற்படும். 'மீடியா ஆஃப்லைன்' என்னும் அறிவிப்பு இதனையே குறிக்கிறது. தொகுக்கத் தொடங்குமுன் எல்லாக் கோப்புகளையும் உள் வட்டில் ஒரே உறையில் சேர்த்துக்கொண்டால் இத்தொல்லையில்லை. அவ்வுறைக்கும் கோப்புகளுக்கும் சுருக்கமான ஆங்கில எழுத்துப் பெயரிடுவது நலம். தமிழ் முதலிய எழுத்துக்களில் அமைந்த பெயர்களைச் சில மென்பொருள்கள் இன்னும் சரிவரப் படிப்பதில்லை. இது மென்பொருள் எழுதுவோர் திருத்த வேண்டிய குறையேயன்றி, பயன்படுத்துவோர் வெட்க வேண்டியதன்று.

இயந்திரத்தைச் சார்ந்த குறைகள்

நிற்குமிடம் மாறிக்கொண்டே இருந்தால் வெப்பத்தை முதலில் ஐயுற வேண்டும். மடிக்கணிப்பொறியைத் துணி விரிப்பின் மேல் வைத்து வேலை வாங்கினால், அடிப்புறக் காற்று வழி அடைபட்டு, வேகம் குன்றும். சிலபோது முற்றும் நின்றும் விடும். மேசை மீது வைத்து, பிற மென்பொருள்களை மூடிவிட்டு, குறித்த நேரத்தில் உறங்கிவிடும் அமைப்பையும் நீக்கிவிட்டு வெளியிடல் வேண்டும். அதன் பின்னும் தொல்லை நீடித்தால், படச் செயலியின் துணையால் சுருக்கும் வசதியை அணைத்துவிட்டு, மையச் செயலியை மட்டும் கொண்டு வெளியிட்டுப் பார்க்கலாம். இது மிக மெதுவான வழி. ஆயினும், விரைந்தோடி நடுவழியில் விழுவதைவிட இரவு முழுதும் நடந்து ஊர் சேர்வது மேலன்றோ?

படத்தின் அளவு பற்றி ஒரு சிறு குறிப்பு. அகலமோ உயரமோ ஒற்றைப்படை எண்ணாக இருந்தால், எடுத்துக்காட்டாக 1079 என இருந்தால், சில மென்பொருள்கள் எச்.264 முறையில் வெளியிட மறுக்கும். வழக்கமான முறையில் நான்கு பிக்ஸல்களுக்கு ஒரு நிறக் குறிப்பு வீதம் எழுதப்படுவதே இதற்குக் காரணம். இரட்டைப்படையாக்கினால் தீர்ந்தது.

வெளிவந்த படத்தில் உதட்டசைவும் பேச்சும் ஒவ்வாதிருப்பது மற்றொரு முறையீடு. கைப்பேசிகள் விநாடிக்கு 30 பிரேம் என்று அறிவித்தாலும், ஒளி குறைந்த வகுப்பறையில் அவ்வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. பத்து நிமிடப் பாடம் சராசரியாக 29.5 பிரேம் வீதம் பதிவானால், மொத்தம் 17,700 பிரேம்களே இருக்கும். மென்பொருள் அவற்றை விநாடிக்கு 30 எனக் கொண்டு ஓட்டினால், படம் 590 விநாடியில் முடிந்து விடும். குரலோ இன்னும் பத்து விநாடி பேசிக்கொண்டிருக்கும். தொகுப்பதற்கு முன்பே 'ஹேண்ட்பிரேக்' போன்ற இலவச மென்பொருளால் காட்சிகளை மாறா வேகமுடையனவாக மாற்றிக்கொள்வதே இதற்குப் பரிகாரம். தொகுத்த பின்னர் ஒட்டுப்போடுவது கடினம்.

மின்சாரம் நின்றால்

கிராமப்புறங்களில் இது அடிக்கடி நேர்வது. எம்பி4 கோப்பில் எந்தப் பிரேம் எங்குள்ளது என்பதைக் கூறும் அட்டவணை, வழக்கமாக எழுதுதல் முழுதும் முடிந்த பின்னரே சேர்க்கப்படுகிறது. ஆதலால், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எழுதப்பட்ட நிலையில் மின்சாரம் நின்றாலும் அக்கோப்பு திறவாது. பொருளடக்கமும் பக்க எண்ணும் இன்றிச் சிதறிய ஏடுகளின் நிலைதான். நீண்ட படத்தை மூன்று மூன்று நிமிடப் பகுதிகளாக வெளியிட்டு வைத்தால், இழப்பு ஒரு பகுதியோடு நிற்கும். ஒரே அமைப்பில் வெளியிடப்பட்ட பகுதிகளை 'எஃப்எஃப்எம்பெக்' என்னும் இலவசக் கருவியால் மீண்டும் சுருக்காமலே இணைத்து விடலாம். தரமும் குறையாது, நேரமும் சில விநாடிகளே ஆகும்.

இணைத்த படத்தை, அது காட்டப்படவிருக்கும் கருவியிலேயே ஒருமுறை முழுதும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். 2013-இல் வகுக்கப்பட்ட எச்.265 முறையில் கோப்பு சிறிதாக அமையும் என்பது உண்மையே. ஆனால், பல பள்ளிகளிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் உள்ள பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் அதனைத் திறப்பதில்லை. அத்தகைய இடங்களுக்கு எச்.264 முறையில், 1920க்கு 1080 அளவில், விநாடிக்கு 8 மெகாபிட் வீதம் வெளியிட்ட படத்தையே அனுப்புதல் தகும்.