உங்களுக்குத் தெரியுமா? மூன்றில் ஒரு சிலிண்டர் முடங்கினால்
1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, கண்டாச்சிபுரம் போன்ற சிற்றூர்களிலும் இன்றளவும் ஆங்காங்கே ஓடிக்கொண்டிருக்கும் மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினில் சிலிண்டர்கள் மூன்றே ஆதலால், அவற்றுள் ஒன்று எரியாது போயினும், சக்தியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நஷ்டமாகி, வண்டி சர்வாங்கமும் நடுங்கத் தொடங்கிவிடும். மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்னும் இவ்வியாதிக்கு, கார்புரேட்டர் பொருத்திய பழைய வண்டிகளில், எஞ்சின் நிதானமாக ஓடுகையில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்ப்பதே பூர்விகமான பரீட்சை; எதைக் கழற்றியும் ஓட்டத்தில் பேதம் தோன்றவில்லையோ, அந்தச் சிலிண்டரே குற்றவாளி. (பல்லாயிரம் வோல்ட் பாயும் வயரை வெறுங்கையால் தொடுவது உசிதமன்று.) முதற்காரியமாகக் கார்புரேட்டரைப் பிரித்துப் போடுவது வீண் அவசரம்; முதலில் அந்தச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, அதன் முனையில் உலர்ந்த கரி இருப்பின் பெட்ரோல் மிகுதியையும், எண்ணெய்ப் பிசுக்கு இருப்பின் பிஸ்டன் ரிங் தேய்மானத்தையும் பெரும்பாலும் சந்தேகிக்கலாம்.