முதல் இடம் பெற்றவருக்கு வேலை இல்லை!

கல்லீரல் வியாதி பற்றிய அறியாமை செய்யும் கொடுமை

எழுத்துப் பரீட்சை முடிந்தது. நேர்முகத் தேர்வும் முடிந்தது. மார்க்குகளைக் கூட்டிப் பார்த்தபோது அந்த வாலிபருக்கே முதல் இடம். சர்க்கார் உத்தியோகம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. பாக்கி இருந்தது தேகப் பரிசோதனை ஒன்றுதான்.

கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். பிறகு பதில் வந்தது: "தகுதி இல்லை!"

சீனாவில், ஆன்ஹுய் மாகாணத்தைச் சேர்ந்த வூஹூ நகரில் 2003-ம் ஆண்டு நடந்த சம்பவம் இது. அந்தப் பட்டதாரி வாலிபர் படுத்த படுக்கையாய்க் கிடந்தவர் அல்ல. பரீட்சை எழுதி, போட்டிக்கு வந்தவர்களையெல்லாம் முந்தியவர். ஆனால் அவருடைய ரத்தத்தில் 'ஹெபடைடிஸ் பி' என்னும் வைரஸ் கிருமி இருந்தது. அது ஒன்றே குற்றம்!

இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. 2006-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, சீனாவில் இந்தக் கிருமியை உடம்பில் சுமந்தவர்கள் சுமார் 9 கோடியே 30 லட்சம் பேர். சர்க்கார் ஆபீசு, கம்பெனி, தொழிற்சாலை என்று எங்கே போனாலும் ரத்தப் பரிசோதனை. எங்கே போனாலும் கதவடைப்பு. பணம் கொடுத்து, வேறொருவரைத் தம் பெயரில் ரத்தம் கொடுக்கச் செய்தவர்களும் உண்டு. வயிறு என்று ஒன்று இருக்கிறதே, என்ன செய்வது?

வழக்கில் ஜெயம், வேலையில் தோல்வி

வூஹூ வாலிபர் குறுக்கு வழி தேடவில்லை. நேராக நீதிமன்றத்துக்குப் போனார். நகர உத்தியோகத் தேர்வு இலாகாவின் மீது 2003 நவம்பரில் வழக்குத் தொடுத்தார். ஹெபடைடிஸ் பி கிருமியைக் காரணம் காட்டி வேலை மறுத்ததற்காகச் சீனாவில் நடந்த முதல் வழக்கு என்று அது பேர் பெற்றது.

2004 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அவரைத் தகுதியற்றவர் என்று இலாகா முடிவு செய்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் கூறியது. வாலிபர் ஜெயித்தார். ஆனால் அந்த ஆண்டுக்கு ஆள் எடுக்கும் வேலை முடிந்துபோயிருந்தது. ஆகவே, அவரை உத்தியோகத்தில் அமர்த்தும்படி உத்தரவு இல்லை! நியாயம் கிடைத்தது, நாற்காலி கிடைக்கவில்லை.

அதே 2003-ம் ஆண்டில் இன்னொரு சம்பவம் சீனாவையே உலுக்கியது. ஜெஜியாங் மாகாணத்தில் ஜியாசிங் நகரில், இதே காரணத்தால் வேலை மறுக்கப்பட்ட கல்லூரி மாணவர் ஒருவர், ஆத்திரத்தில் கத்தியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குள் நுழைந்தார். அதிகாரி ஒருவர் உயிர் இழந்தார். மற்றொருவர் படுகாயம் அடைந்தார். அந்த மாணவருக்கு 2004-ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

கொலைக்கு நியாயம் கற்பிக்க முடியாது. ஆனாலும், ஓர் அர்த்தமற்ற விதி இரண்டு உயிர்களைக் குடித்ததே என்று ஜனங்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். 2003 நவம்பரில் 1,611 பேர் கையொப்பம் இட்டு, இந்த அநீதியை விசாரிக்க வேண்டும் என்று தேசிய மக்கள் காங்கிரசுக்கு மகஜர் அனுப்பினார்கள்.

ஒரே பெயர்; பல வியாதி

இவ்வளவு பயம் ஏன்? கிருமி உள்ளவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகிவிடும்?

ஒன்றும் ஆகாது. இதுதான் விஷயமே.

'காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்பது பழமொழி. காமாலை விஷயத்தில் நம் அறிவும் அப்படித்தான் இருக்கிறது. கண் மஞ்சளானால் எல்லாவற்றுக்கும் காமாலை என்று ஒரே பெயர். உண்மையில் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் கிருமிகள் முக்கியமாக ஐந்து வகை. ஏ, பி, சி, டி, இ என்று அவற்றுக்குப் பெயர்.

இவற்றில் 'ஏ'யும் 'இ'யும் அசுத்தமான தண்ணீராலும் ஆகாரத்தாலும் பரவுகின்றன. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்தால் ஊரில் பத்துப் பேருக்குக் காமாலை வருகிறதே, அந்த ரகம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடும்.

'பி'யும் 'சி'யும் வேறு ஜாதி. அவை ரத்தத்தின் வழியாகப் பரவுபவை. சுத்தம் செய்யாத ஊசி, ஒருவருக்குப் போட்டு மற்றவருக்கும் போடும் சவரக் கத்தி, பரிசோதிக்காமல் ஏற்றிய ரத்தம் ஆகியவை அவற்றுக்கு வழி. உடலுறவாலும் பரவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் வரும். 'டி' என்பது 'பி' உள்ளவர்களிடம் மட்டுமே ஒட்டிக்கொள்ளும்.

கை குலுக்கினால் 'பி' வராது. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் வராது. ஒரே டம்ளரில் காப்பி குடித்தாலும் வராது. இருமினாலும் தும்மினாலும் வராது. கொசு கடித்தும் வராது. அப்படி இருக்க, ஆபீசில் கணக்கு எழுதுகிறவருக்கும், லாரி ஓட்டுகிறவருக்கும், தையல் மெஷின் மிதிக்கிறவருக்கும் இந்தப் பரிசோதனை எதற்கு?

தண்ணீரால் பரவும் வியாதிக்கு உரிய பயத்தை, ரத்தத்தால் பரவும் வியாதியின் மேல் ஏற்றிவிட்டார்கள். பிழைப்பில் மண் விழுந்தது அந்தக் குழப்பத்தால்தான்.

பிறந்த அன்றே வந்த கிருமி

இன்னொரு வேதனை இருக்கிறது. வயது வந்த பிறகு ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றினால், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் உடம்பே அதை வென்றுவிடும். ஆனால் பிறந்த குழந்தைக்குத் தொற்றினால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். அதாவது, இருபத்திரண்டு வயதில் வேலை கேட்டுப் போய்த் "தகுதி இல்லை" என்ற சீட்டை வாங்கி வரும் பிள்ளைக்கு, பெரும்பாலும் அந்தக் கிருமி பூமியில் விழுந்த அன்றோ, சிறு பிள்ளைப் பிராயத்திலோ வந்தது. அவனுடைய நடத்தைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. "எங்கே போய் வாங்கி வந்தாய்?" என்று கேட்கும் உறவினர்கள் இதை நினைவில் வைத்தால் புண்ணியம்.

இந்தக் கிருமியின் அடையாளத்தைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி பாரூச் புளும்பர்க். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் புதுமையான பொருள் ஒன்று இருப்பதை 1963-ல் அவரது குழு கண்டது. பிறகு அது கல்லீரல் நோயோடு சம்பந்தப்பட்டது என்று தெரிந்தது. தடுப்பூசிக்கும் அவரே வழி காட்டினார். 1976-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த நாளான ஜூலை 28-ந் தேதிதான் இன்று உலக ஹெபடைடிஸ் தினம்.

அவர் கண்டறிந்த அடையாளம் ரத்த தானத்தைச் சுத்தப்படுத்தியது. லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. அதே சோதனையை வேலை கொடுப்பவர்கள் கையில் எடுத்தபோதுதான், அது பிழைப்பைக் கெடுக்கும் ஆயுதமாயிற்று.

சீனா திருத்திக்கொண்டது

மகஜரும் வழக்கும் வீண் போகவில்லை. கல்லீரல் அழற்சி இல்லாமல் கிருமியை மட்டும் சுமப்பவர்கள் சர்க்கார் உத்தியோகத்துக்குத் தகுதி உள்ளவர்களே என்று 2005 ஜனவரியில் தேசம் முழுவதற்கும் ஒரே விதி வந்தது. 2008 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டம், தொற்றுக் கிருமியைச் சுமக்கிறார் என்பதற்காக ஒருவருக்கு வேலை மறுக்கக் கூடாது என்றது. 2009-ல் ஓட்டல், ஆகாரத் தொழில்களின் கதவும் திறந்தது. ஆகாரத்தால் பரவுபவை 'ஏ'யும் 'இ'யும்தானே, 'பி'யை ஏன் தடுக்க வேண்டும் என்று சர்க்கார் உணர்ந்துகொண்டது.

2010 பிப்ரவரியில் வந்த உத்தரவு எல்லாவற்றிலும் பெரியது. வேலைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் செய்யும் தேகப் பரிசோதனையில், ஹெபடைடிஸ் பி சோதனையையே எடுத்துவிட வேண்டும் என்று மூன்று மந்திரி இலாகாக்கள் சேர்ந்து ஆணையிட்டன. பரிசோதனைக்கு வந்தவர் தாமே விரும்பிக் கேட்டால் ஒழிய, ஆஸ்பத்திரி அந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. சட்டம் வந்த பின்னும் சில கம்பெனிகள் பழைய வழக்கத்தை விடவில்லை என்பது உண்மைதான். ஆனால் பாதிக்கப்பட்டவர் கையில் இப்போது சட்டம் இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கதை

இது ஏதோ சீனாவின் கதை என்று தள்ளிவிட முடியாது. வளைகுடா நாட்டு வேலைக்குப் புறப்படும் நம்மூர்ப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட்டு எடுத்து, ஏஜண்டுக்குப் பணம் கட்டி, 'மெடிக்கல்' என்ற படியில் கால் வைக்கிறார்கள். அங்கே மார்பு எக்ஸ்ரேயோடு, ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. கிருமி இருந்தால் 'அன்பிட்' என்று முத்திரை விழுகிறது. தமக்கு இப்படி ஒரு வியாதி இருக்கிறது என்பதே பலருக்கு அன்றுதான் தெரிகிறது.

அப்புறம் என்ன? வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுகிறது. விஷயத்தை வெளியில் சொல்ல வெட்கம். கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு மறு சோதனைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. கீழாநெல்லி இனத்துச் செடி ஒன்று இந்தக் கிருமியை நீக்கக் கூடும் என்று சென்னை ஆராய்ச்சியாளர்கள் 1988-ல் புளும்பர்க்குடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை நம்பிக்கை ஊட்டியது உண்மையே. ஆனால் பிறகு மற்ற இடங்களில் நடந்த சோதனைகள் அதை உறுதி செய்யவில்லை. ஆகவே, பச்சிலையை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

இந்தியாவில் ஹெபடைடிஸ் பி கிருமியுடன் வாழ்பவர்கள் 2022-ம் ஆண்டில் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வேலையில் பாரபட்சம் காட்டக் கூடாது என்று 2017-ல் இந்தியா சட்டம் செய்தது. அந்தச் சட்டம் எச்.ஐ.வி.க்கு மட்டும் உரியது. கல்லீரல் கிருமி உள்ளவர்களுக்கும் அப்படி ஒரு பாதுகாப்பு வேண்டாமா?

ஒளித்தால் யாருக்கு நஷ்டம்?

வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும் வரை, யாரும் பரிசோதனைக்கு வரமாட்டார்கள். கிருமியோ சத்தம் போடாமல் வேலை செய்யும். இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருங்கும். சிலருக்குப் புற்றுநோயும் வரும். அப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடி என்ன பயன்?

இத்தனைக்கும் வழி இருக்கிறது. 'பி'யை அடக்கி வைக்கத் தினம் ஒரு மாத்திரை போதும். கிருமி உள்ள எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படுவதில்லை. சோதனை செய்து டாக்டர் முடிவு செய்வார். 'சி'யையோ மூன்று மாத மாத்திரையால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் அடியோடு ஒழித்துவிடலாம். 2018 ஜூலை 28-ல் இந்திய சர்க்கார் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் சோதனையும் மருந்தும் இலவசம்.

டாக்டர், நர்சு போன்ற வேலைகளுக்கு என்ன செய்வது என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் இந்தக் கிருமி உள்ள இரு மாணவர்களுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் மறுத்தபோது, ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின்படி அது தவறு என்று அந்நாட்டு நீதி இலாகா தலையிட்டது; 2013-ல் சமரசம் ஏற்பட்டது. கத்தி பிடித்து ஆழமாகச் செய்யும் சில ஆபரேஷன்களுக்கு மட்டும், ரத்தத்தில் கிருமியின் அளவைப் பார்த்து முடிவு செய்தால் போதும் என்பது நிபுணர்கள் கருத்து. டாக்டர் தொழிலிலேயே இவ்வளவுதான் என்றால், குமாஸ்தா வேலைக்கு என்ன தடை?

குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டு, பிறகு தவணை தவறாமல் போட்டுவந்தால், அநேகமாக இந்தக் கிருமி அண்டவே அண்டாது. சீனாவில் தடுப்பூசி பரவிய பின், 2006-ல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே கிருமி இருந்தது. கர்ப்பிணிகள் தயங்காமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சோதனை செய்வதன் நோக்கம் உயிரைக் காப்பதே ஒழிய, பிழைப்பைப் பறிப்பது அல்ல.

வூஹூ வாலிபர் வழக்கில் ஜெயித்தும், அவர் முதல் இடம் பெற்ற அந்த உத்தியோகம் அவருக்குக் கிட்டவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குக் கதவு திறந்தது. நம் ஊரில், கையில் 'அன்பிட்' சீட்டோடு வீடு திரும்பும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது, பக்கத்தில் உட்கார்ந்து ஒரே இலையில் சோறு பகிர்ந்து, "பயப்படாதே, டாக்டரிடம் போவோம்" என்று சொல்லும் ஒரு குரல். அந்தக் குரல் கொடுப்பதற்குச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியது இல்லை!