ஆட்டோ ஃபோகஸ் இல்லை, ஜூம் இல்லை: ராமேஸ்வரம் கரையில் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் போர்ட்ரெய்ட் எடுப்பது எப்படி?

1950 ஏப்ரல். திருவண்ணாமலையில் நோயுற்றிருந்த ரமண மகரிஷியை பிரெஞ்சு புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் படம் எடுத்தார். ஏப்ரல் 14-ம் தேதி ரமணர் மறைந்தார். அதே மாதம் புதுச்சேரியில், பல ஆண்டுகளாகத் தன்னைப் படம் எடுக்க விடாத அரவிந்தரையும் அவர் எடுத்தார். டிசம்பர் 5-ல் அரவிந்தரும் காலமானார்.

கார்த்தியே-பிரெசோன் நம்பியது சின்ன லைகா ரேஞ்ச்ஃபைண்டரையும், பெரும்பாலும் ஒரே ஒரு 50 எம்.எம். லென்ஸையும்தான். அதே வகை கேமராவை இன்றும் சிலர் தேடி வாங்குகிறார்கள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பாம்பன் பாலத்தைத் தாண்டினால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

ரேஞ்ச்ஃபைண்டர் எப்படி வேலை செய்கிறது?

கேமராவின் முன்பக்கம் இரண்டு சிறு ஜன்னல்கள் இருக்கும். இரண்டிலும் தெரியும் காட்சி வியூஃபைண்டரின் நடுவில் இரட்டை பிம்பமாக விழும். லென்ஸ் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் ரெடி.

எஸ்.எல்.ஆர். கேமராவில் இருப்பதுபோல மேலே எழும் கண்ணாடி இதில் இல்லை. அதனால் சத்தம் குறைவு. கிளிக் செய்யும் நொடியிலும் எதிரே இருப்பவரின் முகம் மறையாது. ஆனால் ஒரு சிக்கல்: நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் எல்லாம் பளிச்சுன்னு தெரியும். ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் குட்டு வெளிப்படும்.

எஃப் 1.4 லென்ஸ் எதற்கு?

ஒளியை அதிகம் உள்ளே விடும் லென்ஸ் இது. விடிவதற்கு முன் டீக்கடை பல்பு வெளிச்சத்தில், ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமும் 60-ல் ஒரு பங்கு நொடி ஷட்டரும் இருந்தால், ஃப்ளாஷ் இல்லாமலே முகம் பதிவாகிவிடும்.

விலையும் உண்டு. ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.4-ல் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் வெறும் 3 செ.மீ. சுமார்தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது மங்கிவிடும். எடுப்பவரோ உட்கார்ந்திருப்பவரோ லேசாக அசைந்தாலும் கண்ணே தப்பிவிடும்.

தனுஷ்கோடி வெயிலில்?

நண்பகலில் செட்டாகாது. ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமில் எஃப் 1.4 வைக்க, ஷட்டர் வேகம் 16,000-ல் ஒரு பங்கு நொடி தேவை. பழைய கேமராக்களில் பெரும்பாலும் 500 அல்லது 1,000 வரைதான் உண்டு. வெள்ளை மணலும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கருப்பு என்.டி. ஃபில்டர் போடலாம், அல்லது ஓலைக் கூரையின் நிழலுக்குள் ஆளை உட்கார வைக்கலாம். அதிகாலையும் மாலையும்தான் சிறந்த நேரம்.

இன்னொரு எச்சரிக்கை. பல பழைய ரேஞ்ச்ஃபைண்டர்களின் ஷட்டர் துணியால் ஆனது. அரிச்சல்முனையில் லென்ஸைத் திறந்தபடி சூரியனுக்கு நேராகக் காட்டிக்கொண்டு நடந்தால் துணியில் ஓட்டை விழலாம். உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும், ஈரம் லென்ஸுக்குள் பூஞ்சையை வளர்க்கும். வீடு திரும்பியதும் துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நல்லது.

கேட்காமல் எடுக்கலாமா?

ரேஞ்ச்ஃபைண்டரில் பெரிய ஜூம் லென்ஸ் போட முடியாது. 50 எம்.எம். லென்ஸில் முகம் நிறைய வேண்டுமானால் ஒரு மீட்டர் அருகில் போயே ஆகணும். அதாவது, பேசி, அனுமதி வாங்கித்தான் எடுக்க முடியும்.

இந்தக் கரையில் அது முக்கியம். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைச் சுற்றுலா வருபவர்கள் தூரத்திலிருந்தே படம் பிடித்து இணையத்தில் போட்டுவிடுவதுண்டு. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கக் கட்டுப்பாடு இருக்கிறது. இடமும் முகமும் தெரியும் ஒரு படம் அவர்களின் பிழைப்புக்கே வினையாகலாம்.

ஃபிலிம் கேமராவில் எடுத்த படத்தை அங்கேயே திரையில் காட்டவும் முடியாது. ஒரு ரோலில் 36 படங்கள்தான். அதில் ஒன்று அந்த அக்காவுடையது என்றால், பிரிண்ட் போட்டு அடுத்த முறை கையோடு கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முறை.